ஜிப்பக்கா வைத்த இலக்கு

பை பழுதானால் தூக்கிப் போடுகிறவர்கள் பாதிப் பேர், ஜிப்பக்காவிடம் கொண்டுபோகிறவர்கள் மீதிப் பேர். மருந்துக் கடைக்கும் நகலெடுக்கும் கடைக்கும் நடுவே ஒரு நடை போகும். அது மாடிப்படிக்கு அடியில் போய் முட்டி நிற்கும் இடத்தில்தான் அவள் கடை. அதைக் கடை என்று சொல்ல வாய் கூசாதவர்கள் சொல்லிக்கொள்ளலாம். ஒரு தையல் மெஷின், ஒரு முக்காலி, சுவர் முழுக்க ஜிப் சுருள்கள், பிஸ்கட் டப்பாக்களில் ரன்னர்கள். ரன்னர் என்றால், ஜிப்பில் மேலும் கீழும் ஓடுமே, அந்தச் சின்ன உலோகத் துண்டு. படிக்கட்டின் சரிவு தலைக்கு மேலேயே இறங்குவதால் அங்கே யாரும் நிமிர்ந்து நிற்க முடியாது. பன்னிரண்டு வருடமாகக் குனிந்தே பழகிய ஜிப்பக்கா, வீட்டிலும் சமையலறை வாசலில் காரணமே இல்லாமல் ஒரு குனி குனிந்துதான் உள்ளே போவாள்.

இலக்கு, திட்டம் என்றெல்லாம் அவள் யோசித்தவள் இல்லை. வந்த பையைத் தை, கிடைத்ததை வீட்டுக்குக் கொண்டு போ, முடிந்தது கதை. வீட்டில் இன்னொரு சம்பளம் வந்துகொண்டிருந்த வரைக்கும் அதுவே தாராளமாகவும் இருந்தது. வீட்டுக்காரர் மின்விசிறித் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். அங்கே 'கீப்பர்' என்றால் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர்தான். ஒரு திருகாணி அவருக்குத் தெரியாமல் வெளியே போகாது. அதே மாதிரி, தொழிற்சாலையில் நடந்த ஒரு கூத்தும் அவர் வாய் வழியாக வீட்டுக்கு வராமல் போகாது. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிடுவார். மேனேஜர் மாதிரி தொண்டையைச் செருமுவார், தூங்கி மாட்டிக்கொண்டவன் மாதிரி கண்ணைக் கசக்குவார். ஜிப்பக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும். நாள் முழுக்கக் கூனிக் கிடந்ததற்கு அவளுக்குக் கிடைத்த உண்மையான கூலி அதுதான்.

தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். ஒரு நாள் எல்லோரையும் நிற்க வைத்து, செட்டில்மெண்ட் பணத்தைக் கொடுத்து, கையைக் குலுக்கி அனுப்பிவிட்டார்கள். முதலில் கொஞ்ச நாள் கீப்பர் தினமும் ஷேவ் செய்துகொண்டு, சட்டை மாட்டிக்கொண்டு பேப்பர் படித்தார். பிறகு சட்டை போயிற்று. அப்புறம் ஷேவிங் போயிற்று. கடைசியில் பேச்சும் போய்விட்டது. ஒரு மத்தியானம் சமையலறை டப்பாக்களை எல்லாம் இறக்கி, எண் எழுதி ஒட்டி, வரிசையாக அடுக்கினார். அந்த வேலையும் அந்த ஒரு மத்தியானத்தோடு தீர்ந்துபோயிற்று. டி.வி. ஓடும், சத்தம் இருக்காது. இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்றால் "ம்". போதுமா என்றால் அதற்கும் "ம்". சண்டைக்காவது வாயைத் திறக்கட்டும் என்று ஜிப்பக்கா ஒரு நாள் வேண்டுமென்றே உப்பில்லாமல் சமைத்து வைத்தாள். மனுஷன் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்குக் குழாயைத் திறந்துவிட்டு, பாத்திரம் கழுவுகிற சாக்கில் நின்று அழுதாள். கட்டினவர் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறார், ஆனால் வீட்டில் தான் ஒருத்திதான் இருக்கிறோம் என்று அவளுக்குப் பட்டது. அதுதான் அவளைக் கொன்றது.

வெளியூரில் வேலை பார்க்கிற மகள், அப்பாவைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போ என்று போனில் சொன்னாள். சொல்கிறவர்களுக்கு என்ன, சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். ஒரு பெரிய ஸ்டோரையே கட்டி ஆண்ட ஆளை முக்காலியில் உட்கார வைத்து, அந்த நூலை எடுங்க என்று ஏவ முடியுமா? ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு மட்டும் எந்தத் தொழிற்சாலையும் கதவடைப்பு அறிவிப்பதில்லை. அதனால் ஜிப்பக்கா ஒரு பொய்யில் ஆரம்பித்தாள். கடை குப்பை மேடாகக் கிடக்கிறது, எது எங்கே என்று எனக்கே தெரியவில்லை, இப்படியே போனால் இழுத்து மூட வேண்டியதுதான், ஒரு நாள் வந்து பாருங்கள் என்றாள். கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த டப்பாவில் எந்த ரன்னர் என்று சொல்லக்கூடியவள் அவள். ஆனால் மூடுவது என்ற பேச்சைக் கேட்டதும் கீப்பர் நிமிர்ந்து பார்த்தார். மறுநாள் வந்துவிட்டார்.

வந்த வாரமே டப்பாக்களுக்கு எண் ஏறிவிட்டது. அடுத்து, வருகிற பையை வாங்குவது அவர் பொறுப்பாயிற்று. வாங்குகிற முறையும் ஸ்டோர் முறைதான். கொண்டுவந்தவர் முன்னாலேயே ஜிப்பை மூன்று தரம் திறந்து மூடுவார், என்ன கோளாறு என்று சத்தமாகச் சொல்வார், திருப்பித் தருகிற நாளை அட்டையில் எழுதிப் பையில் கட்டுவார். கோளாறு இல்லாத பை தலைகீழாக நின்றாலும் உள்ளே நுழைய முடியாது. சொன்ன நாளில் கொடுத்தே ஆக வேண்டும் என்று ஜிப்பக்காவையும் விரட்டினார். விரட்டல் வாங்குவதில் இத்தனை சுகம் இருக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

ஒரு நாள் கேட்டார். "இந்தக் கடைக்கு இலக்கு என்ன?"

"சாயந்தரமானா வீட்டுக்குப் போறது," என்றாள் ஜிப்பக்கா.

அவர் சிரிக்கவில்லை. அடுத்த நாள் ஒரு வெள்ளைப் பலகையோடு வந்து, தொழிற்சாலை வாசலில் மாட்டியிருப்பார்களே அதே மாதிரி, மெஷினுக்கு எதிரே ஆணியடித்து மாட்டினார். மாதத்துக்கு நூறு பை. அது நிலைத்ததும் இரண்டாவது மெஷின். வருடம் முடிவதற்குள் இந்த நடையை விட்டு வெளியேறி, தெருவைப் பார்த்த முன்கடை. எழுதி முடித்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்று, தலையைச் சாய்த்து, கோணலாக இருக்கிறதா என்று பார்த்தார். மறுநாள் காலையில் அவர் காது மடலில் ஷேவிங் நுரை ஒட்டியிருந்தது. துடைத்துவிடப் போன ஜிப்பக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த நுரைக்காகவே நூறு பை என்ன, ஆயிரம் பை தைக்கலாம்.

சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலும் பேச்சு வந்தது. பழைய கதைகள் வரவில்லை, கூத்தடிக்கவில்லை. ஆனால் இன்றைக்கு எத்தனை, நாளைக்கு எத்தனை என்று கணக்காவது பேசினார். அதுவே போதும் என்று அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள்.

ஒன்று மட்டும் அவள் சொல்லாமல் விட்டாள். பள்ளிக்கூடம் திறக்கிற பரபரப்பு முடிந்து, ஊர்ப் பயணங்கள் தொடங்காத இடைமாதங்கள் என்று சில உண்டு. அந்த மாதங்களில் நூறு பை என்பது நடக்காத காரியம். பன்னிரண்டு வருடத்தில் நடந்ததில்லை. பலகையில் எழுதும்போதே சொல்லியிருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு யாரால் சொல்ல முடியும், நீங்களே சொல்லுங்கள்.

இடைமாதம் வந்தது. எண்ணிக்கை நொண்டியடித்தது. சாயங்காலம் பலகையில் கணக்கெழுதும்போது கீப்பரின் கை தயங்கியது. வீட்டுக்குத் திரும்பும்போது நாலடி பின்தங்கி நடந்தார். ஒரு காலையில் ஷேவ் செய்யாமல் வந்து நின்றார்.

அவள் தங்கை ஒரு பெரிய அலுவலகத்தின் கேன்டீனைப் பார்த்துக்கொள்கிறவள். அவளுக்குத் தெரியாத ஆள் கிடையாது, அந்த ஆட்களிடம் இல்லாத பையும் கிடையாது. ஜிப்பக்கா அவளிடம் போய் நின்றாள். நாலு பேரிடம் பை வாங்கி அனுப்பு, தைக்கிற கூலியை நானே உன்னிடம் தந்துவிடுகிறேன், நீ அவர்கள் கையில் கொடுத்துவிடு, அவர்கள் அத்தான் கையில் கொடுக்கட்டும் என்றாள். தங்கை வாய்க்காரி. "அத்தான் சந்தோஷத்துக்கு ஊர்ப் பையெல்லாம் பலியாக்கா?" என்று கேட்டாள். கேட்டாலும், செய்ய மாட்டேன் என்று சொல்லவில்லை.

ஆனால் கோளாறு இல்லாத பைதான் அவரிடம் நுழைய முடியாதே. அதனால் தங்கை வீட்டுப் பின்கட்டில் ஒரு கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து, சின்னத் திருப்புளியை வைத்துக்கொண்டு, ஜிப்பக்கா நல்ல பைகளைக் கெடுத்தாள். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்களே, அது இதுதான். அதிலும் பாருங்கள், தைத்துப் பழகிய கை கெடுக்க மறுத்தது. துணியைக் கிழிக்க மனம் வரவில்லை, ஜிப்பின் பல்லை உடைக்க மனம் வரவில்லை. ரன்னரின் வாயை மட்டும் மயிரிழை விரித்துவிடுவாள். அப்படி விரிந்தால் பல் கவ்வாது, மூட மூட ஜிப் பின்னாலேயே திறந்துகொண்டு வரும். குறடால் ஒரு தரம் அழுத்தினால் பழையபடி சரியாகிவிடும். கெடுப்பதிலும் இவ்வளவு கருணை காட்டினவள் உலகத்தில் வேறு யாரும் இருக்க முடியாது. ஒவ்வொரு பையையும் கீழே வைக்கும்போது, மன்னிச்சுக்கோ என்று அதனிடம் சொல்லிவிட்டுத்தான் வைத்தாள்.

மாதக் கடைசியில் நூறு வந்தது. கீப்பர் பலகையில் அந்த எண்ணை எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். நகலெடுக்கும் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அடுத்த மாதமும் வந்தது. ஜிப்பக்காவின் அஞ்சறைப்பெட்டிச் சேமிப்பு தங்கை கை மாறி, ஊரார் கை மாறி, புருஷன் கைக்கு வந்து, மறுபடியும் அவள் கைக்கே வந்தது. நஷ்டம் இல்லை, லாபம் இல்லை, மனுஷன் முகத்தில் வெளிச்சம் இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்று அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

கணக்குத் தெரிந்தவரிடம் பொய்க் கணக்கைக் கொடுத்தால் அவர் சும்மா இருப்பாரா? அதை வைத்து மெய்யாகவே ஒரு கோட்டை கட்டிவிடுவார். கட்டினார்.

"இங்க பாரு," என்றார் ஒரு நாள், குரலில் அத்தனை உற்சாகம். "வர்றதுல பாதிக்குப் பாதி ரன்னர்தான். துணி கிழியல, பல் போகல, ரன்னர் வாய் மட்டும் விரிஞ்சிருக்கு. அஞ்சு நிமிஷ வேலை. இதுக்குப் போய் ஆளுங்களை நாள் கணக்குல அலைய விடறோம். தெருவைப் பார்த்து ஒரு கடை இருந்தா, நிக்க வெச்சே சரி பண்ணி அனுப்பிடலாம்."

யோசனையில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. அடிப்படை மட்டும்தான் ஜிப்பக்காவின் திருப்புளி. முன்பக்கம் கைக்கடிகாரம் விற்றுக்கொண்டிருந்த கடை காலியாகிக் கிடந்தது. கீப்பர் கட்டடத்துச் சொந்தக்காரரைப் பார்த்துப் பேசிவிட்டார். இரண்டாவது மெஷின் அப்புறம், முதலில் கடை என்று இலக்கையே முன்னுக்கு இழுத்துவிட்டார். முன்பணம் கேட்டிருக்கிறார்கள், செட்டில்மெண்ட் பணம் அப்படியே இருக்கிறது, நாளைக் காலையில் கொடுத்துவிடுகிறேன் என்று ஒரு நாள் கடையைத் திறக்கும்போதே சொன்னார்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. ஜிப்பக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சொல்லாவிட்டால் அத்தனை வருட உழைப்பின் பணம், இல்லாத வாடிக்கையாளர்களை நம்பிப் போய்விடும். சொன்னால் பணம் நிற்கும், மனுஷன் மறுபடியும் சத்தமில்லாத டி.வி.க்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார். பணமா, அவரா? அவர்தான் என்று சொல்லிக்கொண்டு அன்றைக்கு முன்பகல் முழுக்கப் பேசாமல் இருந்தாள். ஒரு பெட்டிக்கு ஜிப்பைத் தலைகீழாக வைத்துத் தைத்து, பிரித்து, மறுபடியும் தலைகீழாகவே தைத்தாள்.

மத்தியானம் கீப்பர் கையில் அளவு நாடாவோடு வந்தார். முன்கடையை அளந்துவிட்டு வருகிறாராம். நீளத்தையும் சொல்லவில்லை, அகலத்தையும் சொல்லவில்லை. சரிவான கூரைக்குக் கீழே குனிந்து நின்றபடியே சொன்னார்.

"உயரம் பார்த்தேன். தாராளமா இருக்கு. இனிமே நீ நிமிர்ந்து நிக்கலாம்."

அவ்வளவுதான். அதற்கு மேல் ஜிப்பக்காவால் தாங்க முடியவில்லை. தன்னை நிமிர வைக்க நினைக்கிறவரைத் தான் ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று உடம்பெல்லாம் கூசிற்று. மெஷினை நிறுத்தினாள். தங்கை, கேன்டீன், வாளி, திருப்புளி என்று ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். மாதா மாதம் அந்த ரன்னர்களின் வாயை விரித்தது நான்தான் என்றாள்.

கீப்பர் அளவு நாடாவைச் சுருட்டினார். முழுக்கச் சுருட்டி முடித்த பிறகுதான் கேட்டார். "அப்போ நிஜமா வந்தது எத்தனை?"

"அறுபது, அறுபத்தஞ்சு."

பலகையைப் பார்த்தார். "நான் என்ன சின்னப் பிள்ளையா? சொப்பு வெச்சு விளையாடிட்டிருந்தேனா இங்க?"

"இல்லங்க," என்றாள் ஜிப்பக்கா. அழுகை முட்டியது, ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் தீர்த்தாள். "நீங்க நூறுன்னு எழுதினீங்க. எனக்கு நூறும் வேணாம், மெஷினும் வேணாம், முன்கடையும் வேணாம். நீங்க வாயைத் திறக்காம இருந்தப்போ அந்த வீட்டுல எனக்கு யாருமே இல்லாம போச்சு. நீங்க மறுபடி என்கூடப் பேசணும். எனக்குன்னு இருந்த இலக்கு அது ஒண்ணுதான். அதுக்குத்தான் இவ்வளவும் பண்ணினேன். தப்புதான்."

கீப்பர் அளவு நாடாவை மெஷின் மேல் வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு நடையில் இறங்கிப் போய்விட்டார்.

சாயங்காலம் வரை வரவில்லை. ஒரு மாணவி பையோடு வந்தாள். எப்போதும் திறந்து மூடிப் பார்ப்பாரே, அந்த ஐயா எங்கே என்று கேட்டாள். வேலையாகப் போயிருக்கிறார் என்றாள் ஜிப்பக்கா. சொன்ன நாளில் கிடைக்கிறது என்று ஹாஸ்டலில் எல்லோரும் இங்கேதான் வரச் சொல்கிறார்கள் என்று அந்தப் பெண் சொன்னதை வேறு நாளாக இருந்தால் காது குளிரக் கேட்டிருப்பாள். அன்றைக்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கடையைப் பூட்டினாள். எல்லாம் போயிற்று என்று நினைத்துக்கொண்டே நடந்தாள். நல்லதுக்குச் செய்ததோ கெட்டதுக்குச் செய்ததோ, அவரைத் தூக்கி நிறுத்தியதும் தான்தான், தள்ளிவிட்டதும் தான்தான்.

வீட்டில் கீப்பர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவளும் ஒன்றும் கேட்காமல் சமையலறைக்குள் போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். சமைத்து முடித்துத் தட்டை வைத்தாள். வந்து உட்கார்ந்தார். அவளும் எதிரே உட்கார்ந்தாள். பரிமாறும்போது கரண்டி தட்டில் இடிக்காமல் பார்த்துக்கொண்டாள், அந்தச் சின்னச் சத்தம்கூட அப்போது அவளுக்குப் பயமாக இருந்தது.

இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார். தொண்டையைச் செருமினார்.

"எங்க கடையில ஒரு பொம்பள வேலை பார்க்குறா," என்றார் தட்டைப் பார்த்தபடியே. "அவ பண்ணின கூத்தைக் கேளு."

ஜிப்பக்காவின் கை அப்படியே நின்றது.

"ஊர்ல இருக்கறவங்க எல்லாம் உடைஞ்சதைத் தைப்பாங்க. இவ தைக்கறதுக்காக உடைக்கிறா. அதுவும் எப்படி?" என்று சொல்லிவிட்டு, கரண்டியை எடுத்துத் திருப்புளி மாதிரி பிடித்துக்கொண்டார். கதவுப் பக்கம் திருட்டுப் பார்வை பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு, பார்க்கவே பரிதாபமாக மூஞ்சியை வைத்துக்கொண்டு, காற்றில் ஒரு ரன்னரை மயிரிழை விரித்தார். இல்லாத பையைத் தடவிக்கொடுத்து, வலிக்குதா என்று கேட்டார். அந்தப் பின்கட்டுக்கு அவர் போனதே இல்லை. ஆனால் அச்சு அசலாக அவளேதான். ஜிப்பக்கா சிரித்தாள். சிரித்ததில் அழுகை வந்தது, அழுததில் மறுபடியும் சிரிப்பு வந்தது, வாயில் இருந்த சோற்றை விழுங்க முடியாமல் தவித்தாள். அவர் தண்ணீரை எடுத்து நீட்டினார்.

குடித்துவிட்டு, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அப்புறம் அவளை என்ன பண்ணினீங்க?"

"மத்தியானம் இருந்த கோபத்துல, சீட்டைக் கிழிச்சு அனுப்பிடலாம்னுதான் நினைச்சேன். கட்டடக்காரரைப் பார்த்து, கடை இப்போ வேணாம்னு சொல்லிட்டுத் திரும்பறப்போதான் உறைச்சுது, கடையே அவளோடதுன்னு. நான்தான் அங்க புதுசா சேர்ந்தவன்." இப்போதுதான் தட்டிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். "அறுபதுலேர்ந்து ஆரம்பிக்கறேன். மெதுவாத்தான் ஏறும். என்னை வேலைக்கு வெச்சுக்குவாளான்னு அவகிட்ட நீ கொஞ்சம் கேட்டுச் சொல்றியா?"

"கேக்கறேன்," என்றாள் ஜிப்பக்கா. "முதல்ல சாப்பிடுங்க. அவ நல்லவதான், ஒத்துக்குவா."